ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் எத்தனை மணி?

2017 ஆம் ஆண்டு நவம்பர் நடுப்பகுதியில், ஒரு வியாழக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் வரும் அழைப்பு எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பது புலம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததே. மறுமுனையில் என் தம்பி. யாழ்ப்பாணத்தில் அப்போது நண்பகல் பன்னிரண்டரை மணி. அம்மா காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தவன், பின்னர் ஒரு கேள்வி கேட்டான்.

“அண்ணை, எத்தனை மணிக்கு வந்து சேருவியள்? அதுக்கேற்ற மாதிரித்தான் எடுக்கிற நேரத்தை வைக்கவேணும்.”

ஊரில் பல ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் நான். நெட்டாங்கு, அகலாங்கு, நேர வித்தியாசம் எல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்கியவன். அன்றிரவு பத்து மணி விமானத்தில் இடம் கிடைக்கும் என்று மூத்த மகள் பார்த்துச் சொன்னாள். மொத்தம் இருபத்தொன்றரை மணி நேரப் பயணம். மனத்துக்குள் கூட்டினேன். “வெள்ளிக்கிழமை இரவு கட்டுநாயக்காவில் இறங்குவன். சனி விடிய வீட்டில நிப்பன்” என்றேன். தம்பியும் ஐயருக்கும் உறவினருக்கும் சனிக்கிழமை காலை பத்து மணி என்று அறிவித்துவிட்டான்.

காலையில் பயணச்சீட்டு கையில் கிடைத்தபோது அதில் கட்டுநாயக்காவை அடையும் நேரம் சனிக்கிழமை காலை ஆறு மணி என்று இருந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் செல்ல வேண்டும். நான் கூட்டியது ரொறன்ரோ நேரம். பத்தரை மணி நேர வித்தியாசத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். மாணவர் எவரேனும் பரீட்சைத் தாளில் இவ்வாறு எழுதியிருந்தால் சிவப்பு மையினால் கோடிட்டிருப்பேன். துயரம் கணக்கை எவ்வளவு எளிதாகக் குழப்பிவிடுகிறது என்பதை அன்று அறிந்தேன்.

இப்படிப்பட்ட ஒரு கேள்வி எம்மில் எவருக்கும் எந்த இரவிலும் வரலாம். ஆகவே ரொறன்ரோவுக்கும் எமது ஊருக்கும் இடையேயுள்ள தூரத்தையும் நேரத்தையும் அமைதியாக இருக்கும் வேளையில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம்.

உருண்டையின் மேல் ஒரு நூல்

பிள்ளைகளின் படிப்பு மேசையில் உலக உருண்டை இருந்தால் அதனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை ரொறன்ரோவிலும் மறுமுனையைக் கொழும்பிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். தட்டையான உலகப் படத்தில் இவ்விரண்டையும் ஒரு நேர்கோட்டினால் இணைத்தால் அக்கோடு அத்திலாந்திக் சமுத்திரத்தையும் சகாரா பாலைவனத்தையும் அரேபியாவையும் கடந்து செல்லும். உருண்டையின் மேலுள்ள நூலோ அவ்வழியே செல்லாது. அது வடக்கு நோக்கி ஏறிக் கிறீன்லாந்தைத் தாண்டி, நோர்வேயின் வடமுனையைத் தொட்டு, ரஷ்யா, கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் இறங்கி இலங்கையை அடையும். பூமி உருண்டையாக இருப்பதனால் இதுவே மிகக் குறுகிய வழி. இதன் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர்.

அந்த நூல் கடக்கும் வட நோர்வேயில், பனிக்கடலோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில், எம்மவர் பலர் வந்திறங்கி வேலைசெய்தனர் என்பது நினைவுகூரத் தக்கது.

இன்னொரு விந்தையையும் கவனியுங்கள். ரொறன்ரோ விமான நிலையம் மேற்கு நெட்டாங்கு 79½ பாகை அளவில் உள்ளது. யாழ்ப்பாணம் கிழக்கு நெட்டாங்கு 80 பாகையில் உள்ளது. எண் ஏறத்தாழ ஒன்றே, திசைதான் வேறு. இரண்டையும் கூட்டினால் 160 பாகை. முழு வட்டத்தின் பாதி 180 பாகை என்பதை எண்ணிப் பார்த்தால், நாம் வந்து சேர்ந்த இடம் நம் ஊருக்கு ஏறக்குறைய உலகின் மறுபக்கம் என்பது விளங்கும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. 160 ஐ 15 இனால் வகுத்தால் பத்தரை மணிக்குச் சற்றுக் கூட வரும். எமது இரவு அவர்களது பகலாக இருப்பதன் காரணம் இதுவே.

மேலும், யாழ்ப்பாணம் கொழும்புக்கு வடக்கே இருப்பதனால், நூலை யாழ்ப்பாணத்தில் வைத்து அளந்தால் தூரம் 13,700 கிலோமீற்றர் அளவே. ரொறன்ரோவுக்கு அண்மையில் இருப்பது யாழ்ப்பாணம்தான். ஆயினும் நாம் அதிலும் தொலைவான கட்டுநாயக்காவில் இறங்கி, பின்னர் வடக்கே திரும்பிச் செல்கிறோம்.

வானில் எத்தனை மணி?

பெரிய பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது. அவ்வாறாயின் 14,000 கிலோமீற்றரைப் பதினைந்தரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையே நேரடி விமானசேவை கிடையாது. இது விமானங்களின் ஆற்றல் குறைவினால் அன்று. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையே 15,300 கிலோமீற்றர் தூரத்தை விமானங்கள் இடைநில்லாமல் கடக்கின்றன. அத்தகைய பயணத்துக்கு மிகப் பெருமளவு எரிபொருளைச் சுமக்க வேண்டும். அச்செலவை ஈடுசெய்யத்தக்க கட்டணத்தில் நாள்தோறும் இருக்கைகளை நிரப்ப எமது தொகை போதாது என்றே நிறுவனங்கள் கணிக்கின்றன போலும். ஆகவே பல ஊர்ப் பயணிகளை ஓரிடத்தில் சேர்த்துப் பிரித்தனுப்பும் இலண்டன், டுபாய், டோஹா போன்ற நகரங்களின் ஊடாகவே நாம் செல்கிறோம்.

இதனால் தூரம் மிகவும் கூடிவிடுகிறதா? இல்லை. ரொறன்ரோவிலிருந்து இலண்டன் 5,700 கிலோமீற்றர், அங்கிருந்து கொழும்பு 8,700 கிலோமீற்றர். மொத்தம் 14,400. டுபாய் வழியாகச் சென்றாலும் ஏறத்தாழ அதேயளவுதான். நேர்வழியைவிட 400 கிலோமீற்றர் கூடுதல், அதாவது அரை மணி நேரப் பறப்பு. நேரத்தை விழுங்குவது இடைநிலையத்தில் காத்திருக்கும் பொழுதே. இரண்டு மணி நேரக் காத்திருப்பும் உண்டு, பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பும் உண்டு. மலிவான பயணச்சீட்டுகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் செல்வதில்லை என்பதையும் பலர் கவனித்திருப்பர். ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. இலண்டனுக்குச் செல்லும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுகிறது, திரும்பி வரும் விமானத்தை முன்னின்று தடுக்கிறது. போகும்போது ஏழு மணி நேரம் என்றால் வரும்போது எட்டு மணி நேரம் ஆகலாம். குளிர்காலத்தில் இக்காற்று மேலும் வலுப்பெறும்.

வான்வழிகளும் போர்களுக்குத் தப்பியவையல்ல. 2022 ஆம் ஆண்டு பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டபின் ரஷ்யா தன் வான்பரப்பைக் கனடிய, ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. 2025 ஆம் ஆண்டு யூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வழியில் தங்கநேர்ந்தது. எமது நூல் சென்ற வழியிலுள்ள நாடுகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அமைதியாக இருந்தால் மட்டுமே அவ்வழி குறுகிய வழி.

கடிகாரக் கணக்கு

இனி நான் தவறிய இடத்துக்கு வருவோம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் யாவும் அந்தந்த ஊரின் நேரங்களே. இலங்கை நேரம் ரொறன்ரோ நேரத்தைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணியும், கோடைகாலத்தில் ஒன்பதரை மணியும் முந்தியது. கனடாவில் மார்ச் மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் கடிகாரத்தை மாற்றுவதே இவ்வேறுபாட்டின் காரணம். இலங்கையில் அவ்வாறு மாற்றுவதில்லை.

பயணநேரத்தை அறிய எளிய வழி இது. புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் இடையிலுள்ள மணித்தியாலங்களை எண்ணுங்கள். ஊருக்குப் போகும்போது அதிலிருந்து நேர வித்தியாசத்தைக் கழியுங்கள். திரும்பி வரும்போது கூட்டுங்கள். எனது பயணத்தில் வியாழன் இரவு பத்து மணியிலிருந்து சனி காலை ஆறு மணி வரை முப்பத்திரண்டு மணி. பத்தரையைக் கழித்தால் இருபத்தொன்றரை. திரும்பும்போது கொழும்பில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு அதே நாள் இரவு பத்து மணிக்கு ரொறன்ரோவை அடைந்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி, உண்மையிலே இருபத்திரண்டரை மணி. ஊரிலிருந்து தனியாக வரும் பெற்றோருக்கு இதனைத் தாளில் எழுதிக் கொடுப்பது நன்று. எத்தனை முறை உண்பது, எப்போது மருந்து எடுப்பது என்பன இந்த உண்மையான மணிக்கணக்கைப் பொறுத்தவையே. இன்சுலின் எடுப்போர் அதனைக் கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். விமானத்தின் அடிப்பகுதிக்குச் செல்லும் பொதியில் வைத்தால் குளிரினால் உறைந்து பழுதாகலாம்.

எம்மவருக்கு நேரக்கணக்கு என்றும் எளிதாக இருந்ததில்லை. 1996 ஆம் ஆண்டு மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னகர்த்தியது. 2006 ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வன்னியில் பழைய நேரமே வழங்கியது. ஒரே தீவில், ஒரே நெட்டாங்கில், சோதனைச்சாவடியின் இருபுறமும் இரண்டு நேரங்கள் இருந்தன.

கடைசி நானூறு கிலோமீற்றர்

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலைவழித் தூரம் நானூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இன்று வானில் ஏறினால் ஆறேழு மணி நேரத்தில் வாசலில் இறங்கலாம். ஆனால் பல ஆண்டுகளாக முழுப் பயணத்திலும் மிக நீண்ட பகுதி இதுவாகவே இருந்தது. யாழ்தேவி 1990 இல் நின்றது. மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில். ஏ-9 பாதை 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. பாதை மூடியிருந்த காலங்களில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தோரும், திருகோணமலையில் கப்பலுக்குக் காத்திருந்தோரும் எம் வாசகர்களுள் பலர். வான்வழியும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று 55 பேருடன் கடலில் வீழ்ந்தது.

பலாலி விமான நிலையத்துக்கோ பழைய வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட தளம் அது. 1947 டிசெம்பர் 10 அன்று எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின், 2019 ஒக்டோபரில், அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே 360 கிலோமீற்றர் அளவே. சென்னை வழியாகச் செல்ல எண்ணுவோர் மூன்று விடயங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இந்திய விசா தேவையா என்பது முதலாவது. இரண்டு பயணச்சீட்டுகளும் தனித்தனியாக இருப்பின், முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது விமானத்துக்கு எவர் பொறுப்பு என்பது இரண்டாவது. பலாலிக்குச் செல்லும் சிறிய விமானத்தில் எவ்வளவு பொதி ஏற்றலாம் என்பது மூன்றாவது.

தாளின் கனம்

இதுவரை கூறியவை யாவும் கையில் உரிய கடவுச்சீட்டு உள்ளவருக்கான கணக்கு. அஃது இல்லாதவருக்கு 14,000 கிலோமீற்றர் என்பது வெறும் எண்.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். 2010 ஓகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த 492 பேர் ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடலில் இருந்தனர். நான் 1996 இல் கொழும்பிலிருந்து புறப்பட்டு ரொறன்ரோவை அடைய ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் விமானத்தில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள்கூட வராது. மீதி முழுவதும் அறைகளுக்குள் காத்திருந்த நேரமே.

வந்து சேர்ந்தபின்னும் திரும்பிப் போகும் வழி திறக்கவில்லை. 1998 இல் அப்பா இறந்தார். செய்தி எனக்குக் கிடைத்தது ஆறாம் நாள். உடனே கிடைத்திருந்தாலும் பயனில்லை. கனடா அகதிகளுக்கு வழங்கும் பயணப் பத்திரம் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. மூத்த மகன் நான் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அன்று என்னை எவரும் கேட்கவில்லை. கேட்பதில் பொருளில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றும் எம்மிடையே அந்நிலையில் உள்ளோர் இருக்கின்றனர். அவர்களுக்காக ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர், இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்தோ அங்கு சென்றோ அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி அந்தஸ்தை மட்டுமன்றி வதிவுரிமையையும் இழக்கலாம். கனடியக் குடியுரிமை பெற்றவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஆகவே தாயின் முகம் காண வேண்டும் என்ற தவிப்பில் பயணச்சீட்டு வாங்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். தகுதி வந்தவுடன் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். குடியுரிமை பெற்றோர் கடவுச்சீட்டு காலாவதியாகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். செய்தி வந்தபின் புதுப்பிக்க ஓடுவது எவ்வளவு இடர் என்பதை அறிந்தவர்கள் பலர்.

முப்பத்துமூன்றரை மணி

எனது கதையை முடிக்கிறேன். வியாழன் காலையே தம்பிக்கு மீண்டும் தொலைபேசி எடுத்துத் தவறை ஒப்புக்கொண்டேன். “பரவாயில்லை அண்ணை. நான் பின்னேரம் எண்டு மாத்திச் சொல்லிவிடுறன். நீங்கள் பதறாமல் வாங்கோ” என்றான். மலர்ச்சாலைக்காரர் உடலைப் பதப்படுத்தி வைத்திருந்தனர். அந்த வசதி இல்லாத காலத்தில் இறந்த மறுநாளைத் தாண்டுவது அரிது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் ஒழுங்கையில் வான் திரும்பியது. ரொறன்ரோ வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து முப்பத்துமூன்றரை மணி. பந்தலின் கீழ் ஊர் காத்திருந்தது. தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன் என்பதால் அக்கடமையும் தம்பிக்கே உரியது. நான் செய்யவேண்டியிருந்தது முகத்தைப் பார்ப்பது ஒன்றே. பார்த்தேன்.

அன்றிரவு தம்பி ஒரு சொல் சொன்னான். “போன சித்திரைக்கு நீங்கள் வாறதாச் சொன்னனீங்கள். அம்மா முன்னறையைத் துப்புரவாக்கி வைச்சிருந்தவ.” குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் பரீட்சை என்று அந்தச் சித்திரையில் நான் போகவில்லை. குடியுரிமையும் கடவுச்சீட்டும் கையில் இருந்த பின்னும் போகவில்லை. 1998 இல் என்னைத் தடுத்தது சட்டம். 2017 சித்திரையில் என்னைத் தடுத்தது எதுவென்று நான்தான் சொல்லவேண்டும்.

ஆகவே, வாசகர்களே, வழி திறந்திருப்போர் ஒரு தாளை எடுத்து உங்கள் வாசலிலிருந்து ஊர் வாசலுக்கு எத்தனை மணி என்று எழுதிப் பாருங்கள். முப்பதும் வரலாம், நாற்பதும் வரலாம். எத்தனை வந்தாலும், அங்கே முன்னறையைத் துப்புரவாக்கி வைப்பவர் இருக்கும்போதே அந்தக் கணக்கைப் போடுவது நல்லது.